தொட்டியில் எழுதி வைத்த தப்பு

மோகனூர்,
ஞாயிற்றுக்கிழமை

என் அம்முணி பிரியாவுக்கு அம்மா ஆசையோடு எழுதிக்கொள்வது. நம் குலசாமி நாவலடியான் காவலில் இங்கே நானும் அப்பாவும் ஷெட்டில் இருக்கும் மூவாயிரம் குஞ்சுகளும் சுகம். ஜெர்மனிக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, கால் நிறையத் துணி சுற்றிக்கொண்டு சுகமாக இருக்கிறாயா என்பதுதான் எங்கள் கவலை. தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் என்றால் நான் கத்துவேன், நீ அழுவாய், அப்பா போனைப் பிடுங்கிக்கொள்வார். பக்கத்துத் தோட்டத்துச் சித்ராவின் மருமகள் உன் ஊர்ப் பக்கம் வருகிறாள், பருப்புப்பொடிப் பொட்டலத்தோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன்.

புதுக் குஞ்சு இறக்கியது உனக்குத் தெரியும். அப்பாவுக்கு முதுகுவலி வந்ததிலிருந்து மருந்து வேலையெல்லாம் என் தலையில்தான். வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் இருக்கத் தடுப்பு மருந்தைக் குடிக்கிற தண்ணீரில் கலந்து வைத்தேன். அதோடு ஒரு நீல மாத்திரையும் கரைப்போம், குடித்த குஞ்சுக்கு நாக்கு நீலமாகும், குடிக்காதது எது என்று தெரிந்துவிடும். நான் தூக்கிப் பார்த்த குஞ்சுக்கெல்லாம் நாக்கு நீலம். எனக்குப் பெருமை தாங்கவில்லை, பார்த்தீங்களா என் கைராசியை என்று அப்பாவிடம் பீற்றிக்கொண்டேன். மூன்று வாரம் கழித்துக் குஞ்சுகளின் ரத்தம் எடுத்துப் பார்த்தால் மருந்து வேலையே செய்யவில்லை. தண்ணியில ஏதாச்சும் போட்டீங்களாங்க என்று நாமக்கல்லிலிருந்து வந்த கோழி டாக்டர் கேட்டார். மருந்து போகிற தண்ணீர் சுத்தமாக இருக்கட்டும் என்று முதல் நாள்தான் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தேன். பிளீச்சிங் பட்டால் மருந்து செத்துப்போகும் என்பது அவர் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும், இல்லீங்க, ஒண்ணும் போடலீங்க என்று கூசாமல் சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலம்தான் நீ அப்பாவைக் கூப்பிட்டாய். நர்ஸ் வேலைக்கான ஜெர்மன் மொழித் தேர்வில் இரண்டாவது தடவையும் பேச்சுப் பகுதியில் போய்விட்டது, இனிமேல் எழுதமாட்டேன், ஊருக்கே வாரேன், அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்கப்பா என்றாயாம். அவர் வயிற்றில் எது தங்கியது, இது தங்குவதற்கு? காப்பி ஆறுவதற்குள் சொல்லிவிட்டார். அதிலிருந்து மூன்று வாரமாக நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, சாப்பிட்டாயா தூங்கினாயா என்பதோடு போன் முடிகிறது. தேர்வு போனதைவிட, அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றாயே, அதுதான் எனக்கு வலித்தது. யோசித்துப் பார்த்தால் பழி என்மேல்தான். என் மகள் பிறவிக் கெட்டிக்காரி, புத்தகத்தைத் தொட்டாலே அவளுக்கு வந்துவிடும் என்று நீ ஒன்றாம் வகுப்பில் இருந்தபோதே சந்தை வரைக்கும் சொல்லி வைத்தவள் நான். ஒன்பதாவதில் கணக்கில் பதினொரு மார்க் வாங்கி வந்தபோது, எது புரியவில்லை என்று ஒரு வார்த்தை உன்னைக் கேட்கவில்லை. அந்தத் தாளை யார் கண்ணிலும் படாமல் அரிசி டின்னுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். தோற்றால் ஒளிக்க வேண்டும் என்று நான்தானே உனக்குக் கற்றுக்கொடுத்தேன், மன்னித்துக்கொள் சாமி.

ஆனால் நீ அப்பாவிடமாவது வாயைத் திறந்து சொன்னாய். கடல் தாண்டித் தனியாக இருக்கிற பெண்ணே சொல்லும்போது, பக்கத்து ஊர் டாக்டரிடம் பொய் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று எனக்கு வெட்கமாகிப் போனது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நாமக்கல் போனேன். நேத்து பொய் சொல்லிட்டேனுங்க, பிளீச்சிங் போட்டது நான்தானுங்க என்றேன். திட்டுவார் என்று பார்த்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். நல்லவேளை சொன்னீங்க, மருந்துதான் சரியில்லைன்னு வேற மருந்து குடுத்திருப்பேன், நீங்களும் மறுபடி பிளீச்சிங் போட்டிருப்பீங்க என்றார். அப்புறம் ஒன்றொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டேன், மூன்று நாளுக்கு முன்பே பிளீச்சிங்கை நிறுத்துவது, வெறும் தண்ணீரில் தொட்டியைக் கழுவுவது, மிச்சமிருக்கும் பிளீச்சிங்கை முறிக்க மருந்துக்கு முன்னால் பால் பவுடர் கரைப்பது எல்லாம். அதேபோல் மறுபடியும் மருந்து வைத்தாயிற்று. தொட்டியின் மேல் சிவப்புப் பெயிண்டில், மருந்து நாளுக்கு முன்னால் பிளீச்சிங் போடக்கூடாது, இது கோகிலவாணி செய்த தப்பு, என்று பெரிதாக எழுதியும் வைத்துவிட்டேன். பேரை வேற போடோணுமாக்கும் என்று அப்பா சிரிக்கிறார். போட்ட பிறகு எனக்கு மனசு லேசாக இருக்கிறது. அதற்கு உனக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும், பெற்ற மகளுக்கு நன்றி சொல்வதில் என்ன கௌரவக் குறைச்சல்.

போன வாரம் சூரமங்கலத்திலிருந்து உன் பெரியப்பா மகன் மணிமாறன் குடும்பத்தோடு வந்திருந்தான். அவன் மகள் ஏழாம் வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் சொன்னாள். கெட்டிக்காரி என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, எப்படிச் சாமி படிச்சே என்று கேட்டேன். ஏழெட்டு அம்பத்தாறுல மட்டும் தப்பாப் போச்சுங்க அப்பத்தா, அதை மட்டும் நாலு நாள் சொல்லிப் பாத்தேன் என்றாள். அவளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். நீயும் பேச்சில் எந்த இடத்தில் தடுமாறினாய் என்று அங்கே விவரம் தெரிந்தவர்களைக் கேள். வார்டில் இருக்கிறவர்களிடம் தப்பும் தவறுமாகவே பேசு, சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். மூன்றாவது தடவை எழுதுவதும் ஊருக்கு வருவதும் உன் இஷ்டம், உன் கட்டில் போட்ட இடத்திலேயே இருக்கிறது. ஆனால் எனக்குப் பயந்து எழுதவும் வேண்டாம், தேர்வுக்குப் பயந்து வரவும் வேண்டாம்.

இன்னும் பத்து நாளில் குஞ்சுகளின் அடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு வரும். நல்லதோ கெட்டதோ அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டுச் சொல்வேன். அடுத்த தப்பையும் எழுதி வைக்கத் தொட்டியில் இன்னும் நாலு வரிக்கு இடம் இருக்கிறது. நீ எழுதினால் உன் முடிவும், தேறினாலும் தேறாவிட்டாலும், முதலில் எனக்குத்தான் வர வேண்டும், அப்பா அப்புறம் தெரிந்துகொள்ளட்டும். நாவலடியான் உன் கூடவே இருப்பான், நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு சாமி. பருப்புப்பொடிக்கு நெய் விட்டுக்கொள். பொட்டலத்துக்கு அடியில் பழைய தாள் ஒன்று மடித்து வைத்திருக்கிறேன், உன் பதினொரு மார்க் தாள்தான். ஒளித்து வைத்தது போதும்.

இப்படிக்கு,
தொட்டியில் பேர் எழுதியிருக்கும் உன் அம்மா,
கோகிலவாணி