ஒரு பக்கச் சிரிப்பு

மாரெட்பள்ளி,
சிகந்தராபாத்.

அன்புள்ள ரூஃபஸ் அண்ணனுக்கு,

உங்கள் தங்கை ஞானசௌந்தரி எழுதுவது. தேவ கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். மதினியின் முதுகுவலி குறைந்ததா? போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் உங்கள் மச்சானுக்குக் கேட்டுவிடும். இது அவர் காதில் விழக்கூடாத விஷயம்.

எமியின் கல்யாண வேலைகள் நடக்கின்றன. புடவை எடுத்தாயிற்று. மாப்பிள்ளை ஜெர்சன் தங்கமான பையன். விருந்துக்கு பிரியாணிதான் வேண்டும் என்று மட்டும் பிடிவாதம். ஹைதராபாத்தில் பிறந்தவனிடம் சாம்பாரைப் பற்றிப் பேசி என்ன பயன்?

கவலை வேறு. ஆலயத்தில் எமியைக் கைபிடித்துப் பீடம்வரை அழைத்துப்போக மாட்டேன் என்கிறார் இவர். பக்கவாதம் வந்தபின் வாய் கோணிவிட்டது, இடது காலை இழுத்துத்தான் நடக்கிறார். "ஆல்பம் முழுக்க இந்த மூஞ்சியா? ஒங்க அண்ணன் கூட்டிட்டுப் போகட்டும்" என்கிறார். எமியோ, "நக்கோ டாடி, அதெல்லாம் வேணாம்! நீங்க வரலைன்னா நானும் நடக்கல" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அண்ணா, அந்த முகத்தை நான் தினமும் பார்க்கிறேன். முன்பெல்லாம் அவர் சிரித்தால் ஸ்டூடியோவில் உட்கார்ந்து சிரிப்பது போல இருக்கும். இப்போது ஒரு பக்கம்தான் சிரிக்கிறது. ஆனால் மொத்தச் சிரிப்பும் அந்தப் பக்கத்துக்கே வந்துவிடுகிறது. சத்தியமாகச் சொல்கிறேன், கல்யாணமான புதிதில்கூட அவர் எனக்கு இவ்வளவு அழகாகத் தெரிந்ததில்லை. வீட்டு ஜெபத்தில் பாடும்போது நான் சுருதி விலகினால் முன்பு முறைப்பார். இப்போது அவருக்கும் வார்த்தை வழுக்குகிறது, இரண்டு பேருமாகச் சேர்ந்து விலகுகிறோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

எங்கள் கொய்யாவில் கிளி கொத்திய பழத்தைத்தான் இவர் தேடி எடுப்பார். கிளிக்கு ருசி தெரியும் என்பார். தன் முகத்துக்கு மட்டும் அந்த நியாயம் கிடையாதாம்!

எமி என்ன செய்கிறாள் தெரியுமா? ஹீல்ஸ் போட்டுக்கொண்டு மொட்டைமாடியில் அவருடைய நடையைப் பழகுகிறாள். ஒரு அடி வைத்து, நின்று, இழுத்து, மறுபடி ஒரு அடி. எதிர்வீட்டு சுஷ்மா பார்த்துவிட்டுக் காலில் அடிபட்டதா என்று விசாரித்தாள். ஆலயத்தில் கீபோர்டு வாசிக்கும் ஸ்டெல்லாவிடம், அப்பாவும் தானும் பீடத்தை அடையும்வரை நிறுத்தாமல் வாசிக்கும்படி எமி சொல்லிவைத்திருக்கிறாள். இத்தனையும் அவருக்குத் தெரியாமல்.

இந்த வாரம் அவர் உங்களைப் போனில் கூப்பிடுவார், தன் இடத்தில் நடக்கச் சொல்லிக் கேட்பார். முடியாது என்று சொல்லிவிடுங்கள். மூட்டுவலி, அது இது என்று சாக்குச் சொல்ல வேண்டாம், உங்களுக்குப் பொய் வராது. முடியாது என்று மட்டும் சொல்லுங்கள். கோபப்படுவார், பட்டுக்கொள்ளட்டும்.

அப்பா இல்லாத என் கல்யாணத்தில் நீங்கள்தான் என்னை அழைத்துப் போனீர்கள். கோட்டும் சூட்டுமாக நிமிர்ந்து நடந்தீர்கள், ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அந்தப் படத்தை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் என் கண் அப்பாவைத்தான் தேடுகிறது. எமிக்கு அப்பா இருக்கிறார், அண்ணா.

கர்த்தர் உங்கள் வீட்டாரை ஆசீர்வதிப்பாராக. சீக்கிரம் வாருங்கள். வந்து, முன்வரிசையில் என் பக்கத்தில் உட்காருங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
ஞானசௌந்தரி