மேடைக்குக் கீழே பன்னிரண்டு பானைகள்

1934 மார்ச் 3, சனி

பேசும்படம் காட்ட நம் நாடகக் கொட்டகையைத் திருத்துகிறார்கள். மகன் பக்தவச்சலம் திருநெல்வேலிப் பக்கத்து ஆள் ஒருவனைக் கூட்டி வந்திருக்கிறான். பெயர் தவசிமுத்து. மெஷின் தெரிந்தவனாம். வந்தவன் மெஷினைப் பார்க்கவில்லை. கொட்டகை நடுவில் நின்று கைதட்டினான். காதைச் சாய்த்துக் கேட்டான். மறுபடி தட்டினான். கைதட்டவா ராயபுரம் வரைக்கும் வந்தான்?

மார்ச் 6

சுவரைத் தட்டுகிறான், தூணைத் தட்டுகிறான். இன்று மேடைப் பலகையைத் தட்டிவிட்டு, "கீழ என்னம்மா இருக்கு?" என்றான்.

"மண்ணுதான். வேற இன்னா இருக்கும்?" என்றேன்.

பொய்தான். போய்ச் சேர்ந்த என் வீட்டுக்காரர் இதைக் கட்டும்போது மேடைக்குக் கீழே பன்னிரண்டு பெரிய பானைகளை வாய் மேலே இருக்கப் புதைத்தார். மேடையில் மெல்லப் பேசினாலும் கடைசித் தரை டிக்கெட்டுக்குக் கேட்கும். வேறு நாடகக் கம்பெனிக்காரன் எவனுக்கும் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். பெற்ற மகனுக்கே சொல்லவில்லை. இவனுக்கா?

மார்ச் 9

கல்மண்டபத்தில் தவசிமுத்துவைப் பார்த்தேன் — கோணி மண்டி சுப்புராஜோடு! கொட்டகையைக் கிடங்காக்கக் கேட்டு இரண்டு வருஷமாக நடையாய் நடக்கிறவன் சுப்புராஜ். இரண்டு பேருக்கும் என்ன சிரிப்பு? ஐந்தாவதுதான் படித்தேன், குருடி இல்லை.

மார்ச் 12

சுவர் முழுக்கக் கோணி! ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறான். படமே ஓடவில்லை, அதற்குள் கிடங்கு. மகனைப் பிடித்து உலுக்கினேன்.

"அய்ய, எதிரொலி அடங்கறதுக்கும்மா. அதுக்குத்தான் சுப்புராஜாண்ட கேட்டு வாங்கினு வந்தாரு."

சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறான்.

மார்ச் 16, வெள்ளி

வெள்ளோட்டம். திரையில் வாய் அசைகிறது, சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. பேத்தி ராஜாத்தி என் முந்தானையை இழுத்தாள். "இன்னா ஆயா சொல்றானுங்கோ? ஒண்ணும் புரியலியே."

எனக்குப் புரிந்தது. மெல்லிய குரலைத் தூக்கிவிட வைத்த பானைகள், மெஷின் போட்ட சத்தத்தில் ஒவ்வொரு பேச்சுக்கும் எதிர்ப்பேச்சுப் பேசின.

பக்தவச்சலம் முடிவாகச் சொல்லிவிட்டான்: "ஞாயித்துக்கெயமெ ஆட்டமும் இப்டியே போச்சுன்னா, கொட்டாய சுப்புராஜுக்கு வுட்டுட வேண்டியதுதான்."

மார்ச் 17

காலையில் போனேன். தவசிமுத்து தனியாக உட்கார்ந்து கோணியை இரட்டையாக மடித்துத் தைத்துக்கொண்டிருந்தான். விரலெல்லாம் ரத்தம். "இது கெடங்கா போனா பாவம்லா அம்மா" என்றான்.

நடிப்போ? சுப்புராஜின் ஆள் எதற்கு விரலைக் குத்திக்கொள்கிறான்?

பலகையைப் பெயர்க்கச் சொன்னேன். குனிந்து ஒரு பானைக்குள் "அம்மா" என்றான். அது திருப்பிச் சொன்னது. "ரெண்டு வாரமா என்னைக் கிறுக்கனாக்கிட்டியளே!" என்று சிரித்தான். அப்புறம் மெதுவாக, "கட்டினவரு காது அறிஞ்சவரு."

பானைகளை எடுக்க விடவில்லை. கடல்மணல் கொண்டுவந்து நிரப்பச் சொன்னேன். நானும் என் கையால் போட்டேன். சத்தியம்... அவர் மன்னிப்பார். மன்னிக்காமல் என்ன?

மார்ச் 18, ஞாயிறு

கூட்டம். ராஜாத்தி திரையில் கேட்டதையெல்லாம் உரக்கத் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். பக்கத்துப் பொம்பளை, "ஏ பொண்ணு, வாய மூடு, அவன் சொல்றதே நல்லா கேக்குது!" என்று அதட்டினாள். பக்தவச்சலம் முகத்தில் சிரிப்பு. சுப்புராஜ் வந்து தன் கோணிகளைப் பார்த்துவிட்டுப் போனான்.

ஆட்டம் முடிந்ததும் தவசிமுத்து வந்தான். "வடக்கு மூலையில மட்டும் லேசா ஒரு ரீங்காரம் கேக்கு. பானை பதினொண்ணுதானா அம்மா?"

"பதினொண்ணுதான்."

வடக்கோரப் பலகையை நான் பெயர்க்கச் சொல்லவே இல்லை. அங்கே நின்றுதான் அவர் பாடுவார்.

தலையை ஆட்டிவிட்டுப் போனான். ஏன் சிரித்தான்? இவனை இன்னும் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.