ஒன்றரை வேகத்தில் சூறையன்

ஜூலை 14, திங்கள்

இன்று சொல்லாமல் விட்டது: அந்த இசை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

சொன்னது: "இன்னும் கேக்கலங்க."

காலை பஸ்ஸில் அண்ணனின் நண்பர் செந்தில் கேட்டார். 'சூறையன்' பின்னணி இசை எப்படி இருக்கிறது என்று. படம் அடுத்த மாதம். சென்னையில் நடந்த விழாவில் நாயகனுக்கான இசையை மட்டும் ஒரு முறை வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். விழாவுக்குப் போன ரசிகர் மன்றத்து ஆள் ஒருவர் அதை வாட்ஸப்பில் வாய்ஸ் மெசேஜாகப் பிடித்து அனுப்ப, ஊரில் எல்லாரிடமும் இருப்பது அந்த ஒரே பதிவுதான். அண்ணன் எனக்கும் அனுப்பியிருந்தான். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

நாயகன் காற்றை ஆள்கிறவன். முரசு முழங்கும் என்று காத்திருந்தால், ஒரே ஒரு புல்லாங்குழல். மெதுவாக. வாசிப்பவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. தன் பலத்தைக் கண்டு தானே பயப்படுகிற ஒருவன் முதன்முதலாக அதைக் கையில் எடுத்தால் இப்படித்தான் இருக்கும்.

இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை நேரம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஒரு காரணம், வீட்டில் தீர்ப்பு வந்துவிட்டது. அண்ணன் சூறையனாக நடிப்பவரின் ரசிகர் மன்றத்தில் துணைச் செயலாளர். "சூப்பர் ஹீரோவுக்குப் போட்ட மியூசிக்காட்டி இது? கல்யாண வீட்ல பந்திக்கு எடம் பிடிக்க ஓடுத மாதிரில்லா இருக்கு!"

பந்திக்கு ஓடுவதா? இதையா? அவன் காதே தனி.

குடை வாங்க வேண்டும். காற்றில் கம்பி திரும்பிக்கொண்டது.

ஜூலை 16, புதன்

சாரல். மலை தெரியவில்லை. எங்கள் ஆடிட்டரே வரவில்லை, அலுவலகமே விடுமுறை முகத்தோடு இருந்தது.

மதியம் மும்தாஜுக்கு ஃபோன் கண்ணாடி உடைந்துவிட்டதென்று செந்தில் வேலை பார்க்கும் செல்ஃபோன் கடைக்குப் போனோம். மும்தாஜ் எனக்கு எதிர் மேஜை. கடையில் வேலை நடக்கவில்லை, செந்தில் ஃபோனில் இசையைக் கேட்ட கடைப் பையன்களின் வழக்கு நடந்துகொண்டிருந்தது.

"தாலாட்டுலே இது. ஹீரோ பறக்கப் போறானா, தூங்கப் போறானா?"

"ஏலே, வில்லனத் தூங்க வச்சே கொன்னுருவான்போல."

செந்தில் கல்லாவுக்குப் பின்னாலிருந்து, "அவன் இன்னும் பறக்கவே இல்லலே. பறக்கதுக்கு முன்னாடி ஒருத்தன் நிக்கான்ல, அந்த மியூசிக்கு. செத்த நேரம் பொறுமையாக் கேளு."

நான் மாடியில் நினைத்தது. கிட்டத்தட்ட அதே. மும்தாஜின் ஃபோன் உறையை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கிறார். முதல் நாள் முதல் காட்சிக்குத் தியேட்டர் வாசலில் வாசிக்க மன்றம் அவர்கள் செட்டைத்தான் எப்போதும் கூப்பிடும். இந்த முறை சூறையன் மெட்டையே வாசிக்கப்போகிறாராம். பயிற்சிகூட எடுத்துவிட்டார்.

திரும்பும்போது மும்தாஜ்: "ஒரு சந்தேகம். உங்க அண்ணன் ஃப்ரெண்டு எல்லாரையும் அண்ணே அண்ணேன்னு சொல்லுத. இவர மட்டும் என்னன்னு கூப்பிடுவ?"

"எதுவும் சொல்லிக் கூப்பிடுறதில்ல."

"அதான் கேட்டேன்."

உண்மைதான். எந்த வாக்கியத்தையும் 'ங்க' போட்டு முடித்துவிடுகிறேன். தமிழ் இதற்கு வசதியான மொழி.

ஜூலை 19, சனி

அம்மாவுக்குச் சீப்பு, கறிவேப்பிலை, நூலகத்தில் புத்தகம் மாற்றியது. ரஷ்ய நாவல் இன்னும் பாதியில். அதிலும் எல்லாரும் சண்டை.

மாலை செந்தில் வீட்டுக்கு வந்தார். முதல் காட்சி பேசத்தான். அண்ணன் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான்.

"பழைய படத்து அடியே வாசிச்சிரு. இந்த மியூசிக்கு வேண்டாம்னு மன்றத்துல முடிவு."

"ஏன் வேண்டாம்?"

"ஓட்டமா ஓடுது. நின்னு ஆட முடியாதுல்லா?"

"எது ஓடுது? அதுவா? ஏலே, காதுல பஞ்சு வச்சிருக்கியா?"

"ஆமாலே, பேண்டேஜ் கம்பெனியில வேல பாக்கேம்லா. பேண்டேஜ் துணியே வச்சிருக்கேன். ஒனக்கு வேணுமா?"

அம்மா சிரித்துவிட்டாள். அவர்கள் சிரிக்கவில்லை.

"அந்த மெட்டு வாசிக்கக் கூடாதுன்னா எங்க செட்டு வராது."

"வர வேண்டாம். ஊர்ல வேற பேண்டு இல்லையா?"

செந்தில் காப்பியைக் குடிக்காமல் போனார். செருப்பு மாட்டும்போது என்னைப் பார்த்தார், நீயாவது சொல்லேன் என்பதுபோல. நான் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவருக்குப் போட்ட காப்பியை நானே குடித்தேன். சர்க்கரை அதிகம்.

சிறிது நேரத்தில் அண்ணன் ஃபோனைப் பார்த்து, "குரூப்ப விட்டுப் போயிட்டான்" என்றான். குரலில் வெற்றி இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு இருவரும்.

ஜூலை 22, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்! சிரிப்பு அடங்காமல் எழுத்தெல்லாம் கோணல்.

மாலை அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். மூன்று நாளாக அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மாவிடம் ஃபோனை நீட்டி, "நீயே கேட்டுச் சொல்லும்மா, இது நல்லாவா இருக்கு?" எப்போதும் இயர்போனில் கேட்பவன், இன்று சத்தமாகப் போட்டான்.

அதே புல்லாங்குழல். அதே சுருதி. ஆனால் கோழி துரத்துகிற வேகம்.

அம்மா: "எனக்கு நல்லாத்தாம் இருக்கு. மாவு ஆட்டுத வேகத்துக்குச் சரியா இருக்கு."

தேங்காய்க் கையோடு ஓடிப்போய் ஃபோனைப் பிடுங்கினேன். பதிவின் ஓரத்தில் சின்னதாக: 1.5x.

"அண்ணே, இது என்ன?"

"அது எப்பவும் அப்படித்தாம் இருக்கும்."

"எப்பவுமா?"

"தலைவர் பேசுதத வேற எப்படிட்டி கேக்கது?"

மன்றத் தலைவர் முருகையா அண்ணாச்சி. ஸ்பேர் பார்ட்ஸ் கடை. எழுத மாட்டார், வாய்ஸ் மெசேஜ்தான், ஒவ்வொன்றும் ஒரு சொற்பொழிவு. மன்றத்தில் அத்தனை பேரும் அதை ஒன்றரை வேகத்தில் கேட்டுப் பழகி, யாரும் மாற்றுவதே இல்லை. இசை வந்த அன்றும் மாற்றவில்லை. தலைவர் பேச்சைத் திறக்கவே திறக்காத செந்தில் மட்டும் தப்பித்திருக்கிறார். மன்றமே ஒரு வாரமாக இல்லாத ஒரு இசையைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

ஒரு தட்டுத் தட்டி வேகத்தை இறக்கினேன். மெதுவாக வந்தது. அந்த மூச்சு. அண்ணன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். முடிந்ததும் மறுபடி போட்டான்.

"ஏட்டி. இது வேற பாட்டுட்டி."

ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அவன் இதத்தாம் கேட்டிருக்கான், என்ன?"

ஜூலை 23, புதன்

மன்றத்துக்குச் சொல்ல வேண்டும். யார் சொல்வது?

"நான் சொன்னா மானம் போயிரும். நீ சொல்லு. நீதான கண்டுபிடிச்ச."

"எழுதித் தாரேன்."

"எழுதுனா ஒருத்தனும் படிக்க மாட்டான். பேசு."

அவன் ஃபோனில், பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினேன். பேசியது (ஞாபகத்திலிருந்து): வணக்கம், நான் மாரியோட தங்கச்சி. நீங்க கேட்டது சரியான வேகம் இல்ல, ஓரத்துல ஒண்ணுன்னு வச்சுக் கேளுங்க. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அந்த இசை வந்த அன்னிக்கே மாடியில வச்சுக் கேட்டேன், ரொம்பப் பிடிச்சது, அது வீரனோட இசை இல்ல, வீரனாகப் போற பயந்த மனுசனோட இசை, செந்தில் சொன்னதுதான் சரி என்று, விரல் வலிக்கும்வரை.

அனுப்பிய பிறகு உறைத்தது. இதையும் ஒன்றரை வேகத்தில்தான் கேட்பார்கள்.

வந்த பதில்கள்:
– "யாருலே அது, ரேடியோ மாதிரி பேசுது?"
– "தங்கச்சி, இம்புட்டு வேகமாப் பேசுனா எப்படி?"
– கும்பிடும் கை, வரிசையாக.
– "யய்யா! இதக் கேட்டா அழுக வருதுலே!"
– ஒருவர் மட்டும்: "எனக்கு வேகமா இருந்ததே பிடிச்சிருந்தது."

அதில் சண்டை தொடங்கியது. மன்றம் இரண்டாகப் பிரிந்தது. இரவுச் சாப்பாட்டுக்குள் தலைவரின் சொற்பொழிவு வந்தது. ஒன்றரை வேகத்தில் அல்ல, அவர் வேகத்திலேயே, பொறுமையாகக் கேட்டோம். சாரம்: தியேட்டர் கேட்டுக்கு வெளியே வேகமாக, ஆட்டத்துக்கு. கதவு திறக்கும்போது மெதுவாக, மரியாதைக்கு. செந்திலைக் கூட்டிவருவது மாரியின் பொறுப்பு.

அண்ணன் அப்போதே வண்டியை எடுத்தான். திரும்பி வந்தவனிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. ஒன் வாய்ஸப் போட்டுக் காட்டுனேன்."

"முழுசாவா?"

"பொறவு? பாதியிலயா நிப்பாட்டுவாவ?"

அய்யோ.

ஜூலை 28, திங்கள்

ஆடிப்பூரக் கூட்டம். பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. செந்தில் முன்னால், நான் பின்னால். நல்லவேளை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலைக் காட்சி. அலுவலகத்துக்கு வயிற்றுவலி. மும்தாஜுக்கும் வயிற்றுவலி. ஆடிட்டர் என்ன நினைப்பாரோ.

தியேட்டர் வாசலில் ஆடிக்காற்று, பேனர் படபடவென்று. சூறையனுக்குப் பொருத்தம். பேண்டு செட் வேகமாக ஆரம்பித்தது. டிரம், டிரம்பெட், மேலே கிளாரினெட். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டி ஆடினார். அண்ணன் செந்திலின் தோளில் தொங்கிக்கொண்டு ஆடினான், வாசிக்கவே விடவில்லை. "தள்ளுலே, பீப்பி ஒடையுது!"

கதவு திறந்ததும் டிரம் நின்றது. கிளாரினெட் மட்டும், மெதுவாக. அத்தனை பேரும் விசிலை நிறுத்தினார்கள். மும்தாஜ் என் கையைக் கிள்ளினாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

படம்: முதல் பாதி முழுக்க மெதுவான குழல். கடைசிச் சண்டையில், சூறையன் எழும்போது, அதே மெட்டு முரசோடு ஓடி வந்தது. கிட்டத்தட்ட ஒன்றரை வேகம்! தியேட்டரே இருக்கை மேல் ஏறி நின்றது. அண்ணன் திரும்பி, மூன்று வரிசை தாண்டி, "நாங்க அப்பவே சொன்னோம்லா!"

வெளியே வரும்போது செந்தில் பக்கத்தில் வந்தார்.

"இன்னும் கேக்கலன்னு சொன்னீங்க, அன்னிக்கு."

"கேட்டிருந்தேன்."

"பொறவு ஏன் சொல்லல?"

பதில் இருந்தது. கூட்டம் தள்ளியது. மும்தாஜ் இழுத்தாள். மறுபடியும் சொல்லாமல் வந்துவிட்டேன். இந்த மகிழ்ச்சியான நாளில் அது ஒன்றுதான் முள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வெயில். மலை துலக்கமாக.

பஸ் ஸ்டாண்டில் கூட்டம். ஏறியபோது எல்லா இருக்கையும் நிரம்பியிருந்தது. ஒன்றில் மட்டும், ஜன்னலோரம், கிளாரினெட் பெட்டி. பக்கத்தில் செந்தில். இரண்டு பெண்கள் கேட்டதற்கு "ஆள் வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தார், ஊரே பார்க்க.

பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உட்கார்ந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வரை நான்தான் பேசினேன்.