சூடு எங்கேருந்து கெளம்புது?

என்னங்க,

விக்கிரமங்கலத்துல தங்கச்சி வூட்டுக்குப் போயிட்டு சாயங்கால பஸ்ல வந்துடுறேன். புளிக்குழம்பு இருக்கு, சுட வச்சுக்குங்க.

அரிசிப் பானைக்குள்ள நீங்க ஒளிச்சு வச்ச மாத்திரை கெடச்சிருச்சு, போட்டுக்கிட்டேன். ஒடம்புல ஏறுற சூடு அதாலதான், அதுக்குத்தான் ஒளிச்சீங்கன்னும் தெரியும். ஆனா கேன்சர் திரும்ப வராம இருக்கத்தானே குடுத்திருக்காங்க? எளநி வெட்டிக் குடுங்க, மாத்திரையில கைய வைக்காதீங்க.

நேத்து ஃபேனுக்காக நாம சண்டை போட்டப்பவே கவனிச்சேன். சூடு நெஞ்சுல கெளம்பி, கழுத்து, காதுன்னு ஏறி, வேர்த்து ஊத்துனதும் அடங்கிடுது. வேடிக்கையாத்தான் இருக்கு.

அமிர்தவல்லி

சாவி கொட்டாய் ஆணியில மாட்டியிருக்கேன்.

இன்னொண்ணு. மார்பு எடுத்த பக்கம் மரத்துக் கெடக்குது, அங்கயும் சூடு ஏறுதான்னு எனக்குத் தெரியல. ஆபரேஷன்லேருந்து நீங்க அந்தப் பக்கம் பாக்குறதே இல்ல. சிமெண்ட் ஆலைச் சூளைகிட்ட வேல பாக்குற கைதானே, சூடு தெரியாதா? வச்சுப் பாத்துச் சொல்லுங்க.