விலாசம் கொடுத்த அம்மா

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்கவேண்டும். நீ போன் எண்ணை மாற்றிவிட்டதால் கூரியரில் அனுப்புகிறேன், நாளைக்குக் கிடைத்துவிடுமாம், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

இங்கே நடக்கும் திரைப்படப் போட்டிக்கு ஐந்து நடுவர்களில் ஒருத்தியாக என்னையும் உட்கார வைத்தார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவளுக்கு சினிமாவில் என்ன வேலை என்று அப்பாவுக்கு ஒரே கிண்டல், பொதுமக்கள் தரப்பில் ஒருத்தி வேண்டுமாம். நேற்றுக் காட்டிய படத்தில் இரண்டு பெண்கள், ஒருத்தியின் புருஷனுக்குப் பயந்து, தண்ணீர் லாரியை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். நான் பழக்கதோஷத்தில், அவர்கள் இண்டிகேட்டர் போடாமல் திரும்பியதற்கு இரண்டு, கண்ணாடி பார்க்காமல் முந்தியதற்கு மூன்று என்று மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டே வந்தேன். பக்கத்திலிருந்த இன்னொரு நடுவரான ஒளிப்பதிவாளர் என் தாளைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். கடைசியில் அந்தப் பெண்ணின் அம்மாவே, எல்லாம் நல்லதுக்குத்தான் என்று, மகள் ஒளிந்திருக்கும் இடத்தை மாப்பிள்ளையிடம் சொல்லிவிடுகிறாள். விவாதத்தில் எல்லோரும் அவளைத் திட்ட, பெற்றவளுக்குத் தெரியாதா என்று நான் ஒருத்தி மல்லுக்கு நின்றேன். தலைமை நடுவர் உன்னைவிடக் கொஞ்சம் பெரியவள், மெதுவாகத்தான் கேட்டாள்: “அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களாம்மா?” தாளைத் திருப்பி வாங்கி, இண்டிகேட்டருக்கு மட்டும் குறைத்து, மற்றதெல்லாம் முழுசாகப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

ஏனென்றால் போன திங்கட்கிழமை உன் புருஷன் நம் சோபாவில் உட்கார்ந்து அழுதான், நீ எனக்கு மட்டும் சொன்ன விலாசத்தை நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன். இன்று காலை அவனுக்கு போன் போட்டு, உன்னிடம் போகவேண்டாம் என்று கெஞ்சினேன். சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டாயிற்று என்றான், அந்தக் குரலில் அழுகை இல்லை. என் தப்புத்தான் கண்ணு, பெரிய தப்பு.

இதைப் பார்த்ததும் போலீஸில் எழுதிக் கொடு, வேலை செய்யும் இடத்திலும் சொல்லிவை, தனியாக நடந்து வராதே. நானும் அப்பாவும் பயிற்சிக் காரிலேயே இப்போது கிளம்புகிறோம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்துவிடுவோம்.

நீ நூறு வயது நன்றாக இருக்கவேண்டும். யார் தட்டினாலும் குரல் கேட்காமல் கதவைத் திறக்காதே. அன்று பெட்டியோடு வந்து நின்ற உன்னை அவன் வீட்டுக்கே திருப்பி அனுப்பியவள் நான், அதனால் எனக்குத் திறப்பதும் திறக்காததும் உன் இஷ்டம். திறக்காவிட்டாலும் கீழே காரிலேயே இருப்பேன், அவன் படியேற விடமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா