இரண்டு விரல் அகலத் துண்டு

பலெர்மோ,
மார்ச் 12, வியாழன்.

அன்பின் தங்கேஸ்வரிக்கு,

நீ அங்கே நின்று கவனிக்கிற மாமியின் முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததில் பெரிய ஆறுதல். இங்கே நானும் பிள்ளையும் சுகம். நேற்றும் போனில் கதைத்துவிட்டு இன்றைக்கு ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் முதல் வசனத்திலேயே வைத்துவிடுவாய். கடிதத்தைக் கிழிப்பதென்றாலும் வாசித்த பிறகுதான் கிழிப்பாய். இங்கே எங்களோடு பழகும் றோபேட் லீவில் வன்னிக்கு வருகிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறேன். கூடவே ஒரு படிவமும் ஒரு மரத்துண்டும் இருக்கும். எல்லாவற்றையும் வாசித்து முடித்துவிட்டு அவற்றைத் தொடு.

எங்கள் பிள்ளை அனிற்றா துவக்குச் சுடப் பழக ஆசைப்படுகிறாள். எழுதிவிட்டேன்.

கோபப்படாமல் கேள். பொலிதேயாமாப் பக்கம் நான் வேலை செய்யும் வீட்டு முதலாளி, அந்தச் சிஞ்ஞோர், மைதானத்தில் பறக்கவிடும் களிமண் தட்டுகளைத் துவக்கால் சுடப் போகிறவர் என்பது உனக்குத் தெரியும். நத்தார் லீவில் அவரும் மனைவி சிஞ்ஞோராவும் அனிற்றாவையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த பிள்ளை, அன்று திரும்பி வந்தபிறகு வாய் மூடவில்லை. அதைக் கண்டபிறகு எனக்கு வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

இன்னும் ஒரு தோட்டாகூட அவள் சுடவில்லை, சத்தியம். வெறும் துவக்கைத் தோளில் வைத்துப் பழகினாள், அவ்வளவுதான். துவக்கு அவளுக்கு நீளம். தோளில் பொருந்தும் மரக்கட்டையைக் கொஞ்சம் குறுக்கினால் சரிவரும் என்று சிஞ்ஞோர் சொன்னார். அவர் வீட்டு ஜன்னல், கதிரை எல்லாம் திருத்துகிறவன் நான்தானே, என்னிடமே தந்தார். இரும்பெல்லாம் அவருடைய பூட்டிய அலுமாரியில் இருக்கிறது. வீட்டுக்கு வந்தது கட்டை மட்டும்தான். அதில் ஒரு பிழையும் இல்லை என்று அவர் இரண்டு தரம் சொன்னார். ஆனாலும் பல்லரோச் சந்தையில் வாங்கிய முருங்கைக்காயோடு அதைப் பையில் செருகிக்கொண்டு பஸ்ஸில் வந்தபோது எனக்கு வேர்த்துக் கொட்டியது. இங்கே இருப்பதற்கான பெர்மெஸ்ஸோ அனுமதி, புதுப்பிக்கக் கொடுத்துக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் கிடக்கிற நேரம். ஒரு பொலிஸ்காரர் ஏறினார். முருங்கைக்காயைப் பார்த்து இது என்ன என்று கேட்டுச் சிரித்துவிட்டு இறங்கிப் போனார்.

குசினி மேசையில் வைத்துத்தான் வெட்டினேன். அவளை முழங்கையை மடக்கச் சொல்லி, மடிப்பிலிருந்து விசை அமத்தும் விரல் வரை அளந்தேன். மரம் சிலும்பாமல் இருக்க டேப் சுற்றி, அதன்மேல் கோடு போட்டு, சின்னப் பல் வாளால் அறுத்தேன். இரண்டு விரல் அகலம் போனது. அடியில் இருந்த ரப்பரைத் திரும்ப முடுக்கினேன். பிறகு வலத் தோளில் வைத்தால் கன்னம் எங்கே படுமோ, அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் இழைத்தேன்.

அங்கேதான் பிழைத்துப்போனது. வைத்துப் பார் என்று கொடுத்தால், இடத் தோளில் வைக்கிறாள். என்ன பிள்ளை இது என்று கேட்டேன். அப்பா, எனக்கு இடக்கைதான் வரும், அம்மா ஏசுவா எண்டுதான் வீட்டிலை வலக்கையாலை சாப்பிடுறன் என்றாள். நாலு வயதில் நாம் இருவரும் கையைப் பிடித்துப் பிடித்து மாற்றினோமே, மாறிவிட்டது என்றுதானே நினைத்தோம். இத்தனை வருடமாக எங்களிடமே கையை ஒளித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மற்றப் பக்கத்தையும் அதே அளவுக்கு இழைத்துச் சரிக்கட்டினேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பதினெட்டு ஆகாத பிள்ளை என்றால் தாயும் தகப்பனும் கையெழுத்துப் போட வேண்டும் என்று அந்தத் தட்டுச் சுடும் கழகத்தில் சொல்லிவிட்டார்கள். உன் கையெழுத்தை நானே போடுவது புதிதல்ல, பள்ளிக்கூடப் பேப்பர்களுக்கு எத்தனை போட்டிருக்கிறேன். இதற்கும் பேனையை எடுத்தேன். கை வரவில்லை. உன் தங்கை சாரங்காவை இயக்கம் கொண்டுபோனபோது அவளுக்குப் பதினாறு. வீட்டில் ஒருவரிடமும் கேட்கவில்லை. தோளில் தொங்கிய துவக்கு அவளுடைய முழங்காலில் இடித்தது என்று நீ ஒரேயொரு தரம் சொன்னாய். வருகிற மாதம் அனிற்றாவுக்கும் பதினாறு. இதையெல்லாம் எண்ணாமல் நான் வாளை எடுத்தேன் என்று மட்டும் நினைக்காதே. அறுத்து முடியும்வரை அதுதான் மனதுக்குள் ஓடியது.

சாரங்காவைப் பற்றி நான் பிள்ளைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும். றோபேட் மாமா எப்ப போறார் என்று அவள் ஒவ்வொரு நாளும் கேட்கிறாள். படிவத்தில் தன் பெயரை இடக்கையால் எழுதியிருக்கிறாள், பார். எவ்வளவு வடிவான எழுத்து.

இந்த ஞாயிறு சாந்தா ரொசாலியா கோவிலுக்கு மலையேறப் போகிறோம். மாமிக்கும் உனக்கும் சுகம் கேட்பேன். மற்றதற்கு என்ன கேட்டு மன்றாடுவது என்று எனக்கே தெரியவில்லை.

நீ மாட்டேன் என்றால் படிவத்தை வெறுமையாக, மரத்துண்டோடு திருப்பி அனுப்பு. துண்டைப் பசை போட்டு ஒட்டிக் கட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். ஏன் என்று நானும் கேட்கமாட்டேன், அவளையும் கேட்க விடமாட்டேன். ஓம் என்றால் கையெழுத்தை மட்டும் அனுப்பு. துண்டு அங்கேயே, சாரங்காவின் படத்தடியில் இருக்கட்டும்.

உன் பதிலுக்குப் பயந்துகொண்டிருக்கும்,
சூசைப்பிள்ளை