நாலாம் கட்டிலின் முழங்கால்

அன்று அந்த விசாரணைக் கூட்டத்தில் நான் ஏன் வாய் திறக்கவில்லை? பதினாறு வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பயம் என்று சொன்னால் அது பாதிதான்.

உம்முடைய மகள் இன்று கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்து உமது கைக்கடிகாரத்தைத் தந்துவிட்டுப் போனாள். சாகமுன்னர் அம்மா உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவ என்றாள். செக்கன் முள் இன்னும் ஓடுகிறது. நோயாளியின் விரல் நுனியை அழுத்திவிட்டு, இரத்தம் திரும்ப எத்தனை செக்கன் என்று அதைப் பார்த்துத்தான் எண்ணுவீர். பிறகு குளிர்கிறதா என்று முழங்காலில் புறங்கையை வைப்பீர். ஐ.சி.யு.வில் தாதியாக இருந்த உம்மை முழங்கால் மிஸ் என்றார்கள். அந்தப் பெயரை வைத்தவள் நான்.

"பிறஷர் கடைசிவரைக்கும் மானத்தைக் காப்பாத்தும், டொக்டர். முழங்காலுக்கு அந்த வித்தை தெரியாது" என்று சிரிப்பீர்.

நாலாம் கட்டில்காரருக்கு வயிற்றில் ஆபரேஷன் முடிந்து அடுத்த நாள். காலை பத்து மணிக்கு என் அறைக்கு வந்தீர். முழங்கால் குளிர்கிறது, நாடி நூற்றிருபதாகிவிட்டது, சிறுநீர் குறைந்துகொண்டே வருகிறது என்றீர். நான் மாணவர்களுக்கு, இரத்த ஓட்டம் குன்றும் ஷொக் நிலை பற்றிய விரிவுரை தயாரித்துக்கொண்டிருந்தேன். பிறஷர் எவ்வளவு என்று கேட்டேன். நூற்றுப்பத்து என்றீர்.

"அப்ப முழங்காலுக்கு ஒரு சொக்ஸ் போட்டுவிடும்."

பதினொன்றுக்கு மறுபடி வந்தீர். நான் தலை நிமிரவில்லை.

அவருக்கு உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. உடல், கைகால்களின் குழாய்களை இறுக்கி, மிச்ச இரத்தத்தை மூளைக்கும் இருதயத்துக்கும் அனுப்பி அந்த நூற்றுப்பத்தைப் பிடித்துவைத்திருந்தது. என் விரிவுரையின் மூன்றாம் பக்கத்தில் இதைத்தான் எழுதியிருந்தேன். பன்னிரண்டரைக்குப் பிறஷர் ஒரேயடியாக விழுந்தது. ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகுமுன் அவர் இறந்துபோனார்.

விசாரணைக் கூட்டத்தில் உமது குறிப்புக் கொப்பியைப் புரட்டினார்கள். இலக்கங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. வைத்தியருக்கு அறிவித்ததாக மட்டும் ஒரு வரி இல்லை. சொல்லியும் நான் வராதது எழுத்தில் இருக்கவேண்டாமென்று, சிநேகத்துக்காக நீர் எழுதாமல் விட்ட வரி அது. ஏன் டொக்டருக்குச் சொல்லவில்லை என்று பெரிய வைத்தியர் கேட்டார். நீர் என்னைப் பார்த்தீர். நான் மேசையைப் பார்த்தேன்.

"என்ட பிழைதான், சேர்."

எச்சரிக்கைக் கடிதம் உமக்கு வந்தது. பதவி உயர்வு தள்ளிப்போனது.

இன்றும் மொனிட்டரைப் பார்க்கமுன் நோயாளியின் முழங்காலைத் தொடுகிறேன். மாணவர்கள் அதை என்னுடைய முறை என்று மற்றவர்களுக்குச் சொல்கிறார்கள். நான் திருத்துவதில்லை.

கூட்டத்துக்கு அடுத்த நாள் நடந்தது இது. காலை எட்டு மணிக்கு என் அறை வாசலில் நின்று, இரண்டாம் கட்டிலின் முழங்கால் குளிர்கிறது என்றீர். பிறஷரைக் கேட்காமல் எழுந்து வந்தேன். தொட்டேன். சேலைன் ஏற்றச் சொல்லி, சேர்ஜனைக் கூப்பிட்டேன். அந்த மனிதர் பிழைத்தார். நீர் கொப்பியை விரித்து, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்தீர். அதன் பக்கத்தில், முதல் தடவையாக, அறிவிக்கப்பட்ட வைத்தியர் என்று என் முழுப் பெயரை எழுதினீர்.